கயிறு கனத்தால் காற்று என்ன செய்யும்?

போன முறை பென்சிலைப் பற்றி எழுதியபோது, "அடுத்து என்னடா, ரப்பரா?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். இல்லை மச்சி, கயிறு. அதுவும் எல்லாக் கயிறும் இல்லை. ஒருவரோ இருவரோ ஏறும் சின்னப் பாய்மரப் படகில், காற்று செத்துப்போன நாளில், பாயைப் பிடித்திருக்கும் கயிறு.

சிரிக்காதீர்கள். இந்தக் கயிற்றால் நான் ஒருமுறை மானம் இழந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு கோடை விடுமுறையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகு, பெரிய தொட்டி மாதிரி இருக்கும். 1947ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், கிளியர்வாட்டர் என்ற ஊரில், கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காகவே வடிவமைத்தது. ஒட்டுப்பலகையில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வீட்டிலேயே செய்துகொள்ளட்டும் என்பது யோசனை. எனக்குக் கிடைத்த படகில் கயிறு நைந்து போயிருந்தது. புதுசு போடலாமே என்று நானே ஹார்டுவேர் கடைக்குப் போய், கைக்கு மெத்தென்று இருந்த 10 மி.மீ. வெள்ளைக் கயிறு 7 மீட்டர் வாங்கி வந்து மாட்டினேன். தடியாக இருந்தால் நல்லதுதானே!

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் போட்டி. கடல்காற்று எழும்ப இன்னும் வெகுநேரம் இருந்தது. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. மற்ற படகுகளெல்லாம் மெல்ல மெல்ல நகர்ந்து போக, என் படகின் பாய் மட்டும் வெளியே போகவே மறுத்து நடுவில் வந்து வந்து நின்றது. நான் கையால் தள்ளிவிடுவேன், அது திரும்பி வரும். கடைசியில் என்னை இழுத்துவர மோட்டார் படகு வந்தது. அதிலிருந்த பயிற்சியாளர் அண்ணன் கயிற்றை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இன்னைக்கு அடிக்கிற காத்துக்கு இந்தக் கயித்தைத் தூக்கவே நேரம் சரியா இருக்கு. உன்னை எங்கேருந்து தள்ளும்?"

அது கிண்டல் இல்லை, கணக்கு என்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஆப்டிமிஸ்ட் பாயின் பரப்பு சுமார் 3.3 சதுர மீட்டர். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அந்தப் பாயின் மேல் தரும் விசை, தோராயமாக 200 கிராம் எடையைத் தாங்கும் அளவுதான். 2 மீட்டர் என்றால் 800 கிராம். 10 மீட்டர் என்றால் 20 கிலோ. காற்றின் வேகம் பத்து மடங்கானால் விசை நூறு மடங்காகிறது. என் 10 மி.மீ. நைலான் கயிறு உலர்ந்த நிலையிலேயே மீட்டருக்கு 60 கிராமுக்கு மேல். மூன்று மடிப்பாகக் கப்பிகளில் ஓடும் அந்தக் கயிற்றில் பாதி தொங்கினாலே போதும், காற்றின் பங்கை அதுவே தின்றுவிடும். நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பாயைக் கட்டுப்படுத்தும் இந்தக் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஷீட்' என்று பெயர். கேட்பவர்களெல்லாம் பாயைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். குழப்பம் வேண்டாம், நான் பாய்க்கயிறு என்றே எழுதுகிறேன். பாயின் அடியில் கிடையாக இருக்கும் கட்டைக்கு 'பூம்' என்று பெயர். பாய்க்கயிறு பூமை இழுக்கும், பூம் பாயை இழுக்கும். அவ்வளவுதான் அமைப்பு.

இளங்காற்றில் கனத்த கயிறு செய்யும் கெடுதல் இரண்டு. ஒன்று, பூமை உள்ளே இழுக்கிறது. என் கதை அதுதான். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. கயிற்றின் எடை பூமைக் கீழ்நோக்கியும் அழுத்துகிறது. அப்போது பாயின் பின்விளிம்பு விறைத்து இறுகிவிடும். இளங்காற்றில் அந்த விளிம்பு தளர்ந்து, மேல்பகுதி சற்றே முறுக்கிக்கொண்டு திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வருகிற கொஞ்சக் காற்றும் பாயை ஒட்டி வழுக்கி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். முன்பாய்க்கு இது இன்னும் மோசம். அதற்குப் பெரும்பாலும் பூம் கிடையாது. கயிற்றின் முழு எடையும் துணியின் மூலையிலேயே தொங்கும். அதனால்தான் இளங்காற்றில் ஓட்டுபவர்கள் அந்த மூலையில் இரும்புக் கொக்கியைக்கூட மாட்டாமல் கயிற்றை நேராக முடிந்துவிடுகிறார்கள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நான் டெக்ஸ்டைல் படிப்பவன் என்பதால் நாரிலிருந்துதான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் ஐரோப்பாவில் கயிறு என்றால் ஹெம்ப். நம்மூர் சணல் சாக்கின் நார் அல்ல, அது வேறு செடி. பிரிட்டிஷ் கடற்படைக்கு வேண்டிய ஹெம்ப் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்தது. அது அழுகாமல் இருக்கத் தார் பூசுவார்கள். இங்கிலாந்தின் சாத்தம் கப்பல்தளத்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கயிற்றுக்கூடம் சுமார் 346 மீட்டர் நீளம்! நீளமான கயிறு திரிக்க அத்தனை நீளமான கட்டடம் வேண்டும். அங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: புயலில் அறுமா, அறாதா? காற்றில்லாத நாளில் கயிறு கனக்கிறதே என்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். முன்னூறு டன் கப்பலுக்குக் கயிற்றின் எடை ஒரு எடையா?

பிறகு 19ஆம் நூற்றாண்டில் மணிலா கயிறு வந்தது. பிலிப்பைன்ஸில் வளரும், வாழை இனத்தைச் சேர்ந்த அபக்கா என்ற செடியின் நார். தார் பூசாமலே கடல்நீரைத் தாங்கும் என்பதால் ஹெம்ப்பை ஓரங்கட்டியது.

இடையில் நம் பக்கத்து நார் ஒன்று. தென்னை நாருக்கு ஆங்கிலத்தில் 'காயர்' என்கிறார்களே, அந்தச் சொல்லே மலையாளத்துக் கயறிலிருந்து போனதுதான். நம் கயிறும் அதன் உடன்பிறப்பே. தேங்காய் நார்க் கயிறு வலுவில் ஹெம்ப்புக்குப் பாதிகூட வராது. ஆனால் மிதக்கும். கப்பல்களை இழுக்கும்போது கயிறு மூழ்காமல் தண்ணீர் மேலேயே கிடக்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் மாலுமிகள் இதைத்தான் எடுத்தார்கள். 'புல் கயிறு' என்று ஒரு பட்டப்பெயர் வேறு. வலுவில்லாத, மலிவான, ஆனால் மிதக்கும் கயிறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதன் மறுபிறவி வரும்.

சின்னப் படகுகளுக்குப் பருத்தி. 1948 லண்டன் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் டார்கீ ஊரில் நடந்தன. அதில் ஃபயர்ஃப்ளை என்ற டிங்கியில் தனியாளாக ஓட்டித்தான் டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் தன் நான்கு தங்கங்களில் முதலாவதை வாங்கினார். அந்தக் காலத்து டிங்கிகளில் பாயும் பருத்தி, கையில் பிடிக்கும் கயிறும் பெரும்பாலும் பருத்தி. ஏன் பருத்தி? உள்ளங்கைக்கு இதம். மணிலா கயிற்றை ஒரு மணிநேரம் இழுத்துப் பாருங்கள், தோல் உரிந்துவிடும்.

ஆனால் பருத்தி தண்ணீர் குடிக்கும். கிணற்றில் நீர் இறைத்த பாட்டிமார்களைக் கேளுங்கள், காலையில் காய்ந்த கயிறும் நாலு வாளி இறைத்த பின் அதே கயிறும் ஒரே கயிறா என்று. நனைந்தால் கனக்கும், புடைக்கும், நீளம் சுருங்கும், கப்பியில் சிக்கும். மழையில் கட்டில் கயிறு விறைக்கிறதே, அதே விஷயம். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கும். மக்கும் என்பதால் கொஞ்சம் தடியாகவே வாங்குவார்கள். கைக்கும் தடியாக இருந்தால்தான் பிடிமானம். ஆக, வலுவுக்காக வேண்டிய தடிமனும் கைக்காக வேண்டிய தடிமனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அதனால் இது இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்றே யாருக்கும் தோன்றவில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது வேதியியல்.

1935ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸின் குழு நைலானை உருவாக்கியது. அது 1938ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய ஆண்டே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1942ல் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்ததும் மணிலா நார் வரத்து நின்றுபோக, நைலானுக்கு அவசர வேலை வந்தது. பாராசூட், கிளைடர் விமானங்களை இழுக்கும் கயிறு, இப்படி. நைலானின் குணம் நன்றாக நீளும். திடீர் இழுப்பு வந்தால் ரப்பர் மாதிரி வாங்கிக்கொள்ளும். இழுகயிறுக்கும் நங்கூரத்துக்கும் அது வரம். பாய்க்கயிறுக்கு? பலத்த காற்றில் நீங்கள் இழுத்துப் பிடிக்கப் பிடிக்கக் கயிறு நீண்டு பாய் வெளியே போய்விடும். எனவே டிங்கிக்காரர்கள் அதை ஏற்கவில்லை.

கரோத்தர்ஸ் முதலில் பாலியெஸ்டரைத்தான் ஆராய்ந்தார். அவர் செய்து பார்த்தவை குறைந்த வெப்பத்திலேயே உருகியதால் கைவிட்டார். அவர் விட்ட இடத்தில் வேறொரு அமிலத்தைப் போட்டுப் பார்த்தவர்கள் இங்கிலாந்தின் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும். 1941ல், துணிக்கு அச்சிடும் ஒரு சங்கத்தின் ஆய்வகத்தில். அதுதான் டெரிலீன். நம் அப்பாக்கள் போட்ட டெரிகாட்டன் சட்டையில் பாதி இதுதான்! அமெரிக்காவில் டேக்ரான் என்று பெயர் வைத்தார்கள். 1950களில் படகுக் கடைகளுக்கு வந்தது. நீளாது, மக்காது, வெயிலைத் தாங்கும். பாய்த்துணி, கயிறு இரண்டும் அதற்கு மாறின.

இங்கே ஒரு வேடிக்கை. டெரிலீன் கயிறு வழவழவென்று இருந்ததால் கைக்குப் பழைய பருத்தியின் சுகம் இல்லை. எனவே நீள இழையைத் துண்டு துண்டாக வெட்டி, பருத்தி மாதிரியே நூற்று, வெளியே பஞ்சு போன்ற மயிர் நிற்கும்படி கயிறு பின்னினார்கள். கைக்கு அருமை. ஆனால் பாலியெஸ்டர் நார் தண்ணீர் குடிக்காவிட்டாலும், அந்த மயிர்களுக்கும் பின்னலுக்கும் இடையில் தண்ணீர் தங்கும். பருத்தியின் சுகத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு அதன் நோயும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டெரிலீனைக் கொண்டாடியது நீளாது என்பதற்காக. ஆனால் நீளாமை பலத்த காற்றில்தான் பெரிய விஷயம். 200 கிராம் விசையில் எந்தக் கயிறு எவ்வளவு நீண்டுவிடப் போகிறது? இளங்காற்றுக்கு வேண்டியது வேறு: எடை குறைவு, நீர் தங்காமை, கப்பியில் தடையில்லாமல் ஓடும் மென்மை. புயலுக்கு எது நல்லது என்று பார்த்தே நார்களுக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய உலகம், இந்தத் தேர்வை நடத்தவே இல்லை.

அந்தத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கக்கூடிய நார் 1954ல் மிலானில் பிறந்தது. இத்தாலியர் ஜூலியோ நாட்டா உருவாக்கிய பாலிப்ரொப்பிலீன். (1963ல் இவருக்கும் ஜெர்மனியின் கார்ல் ஸீக்லருக்கும் சேர்த்து நோபல் பரிசு.) இதன் அடர்த்தி 0.91. அதாவது தண்ணீரைவிட லேசு. பாலியெஸ்டர் 1.38, நைலான் 1.14. நார் தண்ணீரே குடிக்காது. தென்னை நார்க் கயிற்றின் மறுபிறவி என்றேனே, இதுதான். மிதக்கும், மலிவு, வலு சுமார். வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், உராய்ந்தால் சூடாகி உருகும். நம் கடைத்தெருவில் மூட்டை கட்டத் தருகிற மஞ்சள், நீலக் கயிறெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான், கடைக்காரர் நைலான் என்றே சொன்னாலும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நைலான் இல்லை. அண்ணன் என் கயிற்றை வாங்கித் தண்ணீரில் போட்டபோது அது நேராக அடிக்குப் போனது. கடைக்காரர் நேர்மையானவர்தான், அசல் நைலான்!

படகுக்காரர்கள் இந்த ஏழைக் கயிற்றை வெகுகாலம் மதிக்கவில்லை. ஆனால் காற்று குறைந்த ஏரிகளில் போட்டியிடுபவர்கள் தடித்த கயிற்றைக் கழற்றிவிட்டு மெல்லிய மிதக்கும் கயிற்றை மாட்டத் தொடங்கினார்கள். கூடவே மூன்று மடிப்பாக ஓடும் கயிற்றை இரண்டாகக் குறைப்பது. மூன்று மடிப்பு பலத்த காற்றில் கைக்கு உதவி, இளங்காற்றில் வெறும் எடையும் உராய்வும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பீட்டர் ஹார்க்கன் கப்பிக்குள் எஃகுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குண்டுகளைப் போட்டார். லேசான இழுப்பிலும் கப்பி சுழன்றது. கயிறு தானாக வெளியே ஓட ஆரம்பித்தது.

அடுத்து வந்தவை ராட்சச நார்கள். 1965ல் டூபாண்டில் ஸ்டெஃபனி க்வோலெக் கெவ்லாருக்கு வழிவகுத்த கரைசலைக் கண்டுபிடித்தார். பார்க்கக் கலங்கலாக, தண்ணீர் மாதிரி ஓடியதால், அதை நூற்றுப் பார்க்க இயந்திரக்காரரைச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடாக இருந்ததாம். எஃகை மிஞ்சும் வலு. ஆனால் கப்பியில் மடிந்து மடிந்து ஓடினால் நார் உள்ளேயே முறியும், வெயிலும் ஆகாது. பாய்க்கயிறுக்குச் சரிப்படவில்லை.

சரிப்பட்டது டைனீமா. நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா இருவரும் 1970களின் கடைசியில் கண்டுபிடித்த நூற்பு முறை. மூலப்பொருள் என்ன தெரியுமா? பாலித்தீன்! பிளாஸ்டிக் பையின் அதே பாலித்தீன், மூலக்கூறுச் சங்கிலி மட்டும் மிக மிக நீளம். அதை ஜெல்லாகக் கரைத்து இழுத்து, சங்கிலிகளை நேராக நிறுத்திவிடுகிறார்கள். அடர்த்தி 0.97, மிதக்கும். 5 மி.மீ. கயிறு இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். சின்ன டிங்கியின் பாய்க்கயிற்றில் வரும் இழுப்போ சில பத்து கிலோ. வலு என்ற கேள்வியே இங்கே முடிந்துபோயிற்று.

அப்படியென்றால் 2 மி.மீ. கயிறு போட்டுவிடலாமே? போடலாம். கையில் பிடிக்க முடியாது. உள்ளங்கையை அறுக்கும், பற்கள் வைத்த கவ்வி பிடிக்காது, வழுக்கும், முடிச்சுகூட நழுவும். கயிற்றின் குறுக்களவு பாதியானால் எடை கால்வாசியாகும். 8 மி.மீ. பாலியெஸ்டர் மீட்டருக்குச் சுமார் 50 கிராம், அதையே 5 மி.மீ. ஆக்கினால் 20 கிராம். எடைக்காக மெலியச் சொல்லும் பாய், பிடிக்காகத் தடியாகச் சொல்லும் கை. பருத்திக் காலத்தில் ஒட்டியிருந்த இரண்டும் இப்போது எதிரெதிர்த் திசையில் இழுத்தன.

இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. டைனீமாவை உள்ளே வைத்து, பாலியெஸ்டரோ பாலிப்ரொப்பிலீனோ கொண்டு உறை பின்னிய கயிற்றை எடுத்துக்கொள்வார்கள். பாய்ப்பக்கம் உள்ள பாதியில் மட்டும் உறையை உரித்துவிடுவார்கள். வாழைப்பழம் மாதிரி. உறை முடியும் நுனியை உள்ளே செருகித் தைத்துவிடுவார்கள். பாயை நெருங்கும் பகுதி மெல்லிசு, கைக்கு வரும் பகுதி தடி. முழு இழுப்பையும் உள்நார் தாங்குவதால் உரித்த இடம் பலவீனமில்லை. அதுவரை வந்த பெரும்பாலான கயிறுகளில் இது முடியாது, ஏனென்றால் அவற்றில் உறையும் பாரத்தில் பங்கு வாங்கும்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. டைனீமா விலை அதிகம். சிறுவர்கள் கற்றுக்கொள்ளும் படகில் இரண்டு டன் தாங்கும் கயிறு எதற்கு? இளங்காற்றுக்கு 6 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் பின்னல் கயிறு போதும், வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் நொறுங்கினால் மாற்றிக்கொள்ளலாம். காற்று ஏறினால் மாட்ட 8 மி.மீ. பாலியெஸ்டர் ஒன்று தனியாக. கையுறை போட்டுக்கொண்டால் 6 மி.மீ. அறுக்காது.

போன விடுமுறையில் அந்தப் பயிற்சித் தளத்துக்கு ஒரு நடை போய்வந்தேன். அண்ணன் இப்போது கொஞ்சம் நரைத்திருக்கிறார். கொட்டகைச் சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் மெல்லிய மஞ்சள் கயிறுகள், இன்னொன்றில் தடித்த வெள்ளைக் கயிறுகள். பையன்கள் காலையில் வந்ததும் தண்ணீரைப் பார்த்துவிட்டு எந்த ஆணியிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

"என் கயிறு என்ன ஆச்சுண்ணா?" என்றேன்.

படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினார். மோட்டார் படகைத் தூணில் கட்டியிருந்தது அதுதான். அழுக்கேறி, பாசி பிடித்து, ஒவ்வொரு அலைக்கும் நீண்டு நீண்டு சுருங்கிக்கொண்டிருந்தது. நைலானுக்கு ஏற்ற வேலை.